ஊர் கூடிப் போட்ட கணக்கு

2020 மார்ச்சில் ஒரு விநோதமான தட்டுப்பாடு வந்தது. முகக்கவசமும் வென்டிலேட்டரும் கிடைக்காமல் உலகம் அல்லாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து இயங்கிய ஓர் ஆய்வுக் குழுவிடம் வேலை தீர்ந்துபோனது. வேலை செய்யத் தயாராக லட்சக்கணக்கான கணினிகள் காத்திருந்தன. அவற்றுக்குக் கொடுக்கக் கணக்குகள் இல்லை.

குழுவின் பெயர் ஃபோல்டிங்@ஹோம். புரதங்கள் எப்படி மடிகின்றன, மடிந்தபின் எப்படி அசைகின்றன என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது அதன் வேலை. 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே அதைத் தொடங்கினார். பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்புவார்கள். அவை போட்டுக் கொடுத்த விடைகளை வாங்கி ஒன்றுசேர்ப்பார்கள். இருபது ஆண்டு இப்படித்தான் ஓடியது. 2020 தொடக்கத்தில் சுமார் 30,000 கணினிகள் அதில் இருந்தன. பிப்ரவரி கடைசியில், அப்போது செயின்ட் லூயிஸிலிருந்து அதற்குத் தலைமை ஏற்றிருந்த கிரெக் பௌமன், கொரோனா வைரஸின் புரதங்களை ஆராயப்போவதாக அறிவித்தார். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மக்கள், தங்களால் இந்த ஒன்றையாவது செய்ய முடிகிறதே என்று வந்து சேர்ந்தார்கள். சில வாரங்களுக்குள் எண்ணிக்கை பத்து லட்சத்தை நோக்கி ஓடியது.

கணக்குகள் தீர்ந்தது அப்போதுதான். ஒரு கணக்கைத் துண்டாக்கி அனுப்புவதற்கு முன்னால் புரதத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை நிரப்ப வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஆய்வகத்தில் சில பேர்தான் இருந்தார்கள். துண்டுகளை அனுப்பி விடைகளை வாங்கும் சர்வர்களும் இத்தனை கூட்டத்தை எதிர்பார்த்து வைக்கப்பட்டவை அல்ல. கணினிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வேகமும் அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போகாது என்று 1967-லேயே ஜீன் அம்டால் சொல்லியிருக்கிறார். வேலையில் பிரிக்க முடியாத பங்கு 5 சதவீதம் இருந்தால், கோடிக் கணினிகளைக் கொண்டுவந்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. செயின்ட் லூயிஸில் பிரிக்க முடியாத அந்தப் பங்கு, வேலையைத் தயார் செய்யும் மனிதர்களிடம் இருந்தது.

அவர்கள் இரவு பகலாக உழைத்துக் கூடுதல் சர்வர்களைச் சேர்த்தார்கள். மார்ச் முடிவதற்குள் அந்த வீட்டுக் கணினிகளின் கூட்டு வேகம் ஒரு எக்ஸாஃப்ளாப்பைத் தாண்டியது. விநாடிக்கு, 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் எத்தனையோ அத்தனை கணக்குகள். ஏப்ரலில் அது 2.4 எக்ஸாஃப்ளாப் ஆனது. அப்போது உலகின் முதல் சூப்பர் கம்ப்யூட்டராக இருந்த ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் சம்மிட், சோதனையில் காட்டிய வேகம் இதில் பதினாறில் ஒரு பங்குதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நிபுணர்கள் சொல்வது சரியே. சூப்பர் கம்ப்யூட்டரின் பிராசஸர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே ஒரே கணக்கைப் போட்டுக் காட்டிய வேகம் அது. இதுவோ தனித்தனியாகப் போட்டவற்றின் கூட்டுத்தொகை. ஆனாலும், அதிகாரபூர்வப் பட்டியலில் ஒரு எக்ஸாஃப்ளாப் இயந்திரம் ஏற 2022 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சமையலறை மேசைகளிலும் படுக்கையறை மூலைகளிலும் இருந்த கணினிகள் அந்த எண்ணைத் தொட்டுவிட்டன.

இந்த வரலாற்றில் வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நம்பிக்கை. முகம் தெரியாதவரின் கணினி போட்ட கணக்கை ஒரு விஞ்ஞானி எப்படி நம்புவது? யாரோ அனுப்பும் புரோகிராமை ஒருவர் எப்படித் தன் வீட்டுக்குள் விடுவது? கணினி வேலையைப் பங்கிடும் கலையில் கடினமான பகுதி பிரிப்பதல்ல, இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுபிடிப்பதுதான்.

இரவில் ஓடிய புழு

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970-களின் பிற்பகுதியில் சுமார் நூறு 'ஆல்டோ' கணினிகள் ஈதர்நெட் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஆளுக்கொரு கணினி என்பதே அன்றைக்குப் புதுமை. மாலையில் எல்லோரும் வீட்டுக்குப் போனபின் அத்தனையும் சும்மா கிடக்கும். ஜான் ஷோக், ஜான் ஹப் என்ற இரு ஆய்வாளர்கள், சும்மா இருக்கும் இயந்திரத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அதில் தன் பிரதி ஒன்றை வைத்து, பிரதிகளுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் புரோகிராம்களை எழுதினார்கள். புழு என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அந்தப் பெயர் நாசவேலைக்குப் போய்விட்டது. அன்றைக்கு அது நல்ல வேலைக்காரன்.

ஒரு நாள் இரவு சின்னப் புழு ஒன்றை ஓடவிட்டுப் போனார்கள். காலையில் வந்து பார்த்தால் கட்டடம் முழுக்கக் கணினிகள் செத்துக் கிடந்தன. எங்கோ ஒரு பிரதி சிதைந்திருக்கிறது. சிதைந்த பிரதி அடுத்த இயந்திரத்துக்குத் தாவியதும் அது முடங்கும், உடனே அடுத்ததைத் தேடும். திரும்ப இயக்கினால் காத்திருந்ததுபோல் மறுபடி பிடித்துக்கொண்டது. சில இயந்திரங்கள் பூட்டிய அறைகளில் இருந்தன. நல்லவேளையாக, எல்லாப் பிரதிகளையும் நிறுத்தும் அவசரச் செய்தி ஒன்றை இருவரும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அதை நெட்வொர்க்கில் அனுப்பி அடக்கினார்கள். 1982-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் இந்தச் சம்பவத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பிறர் கணினியில் ஓடும் எதற்கும் நிறுத்தும் வழி முதலில் வேண்டும் என்ற பாடம் அங்கிருந்துதான் வந்தது.

அதே எண்ணத்துக்கு மரியாதை தெரிந்த வடிவம் 1988-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. மிரோன் லிவ்னியும் அவருடைய குழுவும் எழுதிய காண்டோர், பல்கலைக்கழகத்தில் ஓய்வாக இருக்கும் கணினிகளைப் பார்த்து வேலை கொடுக்கும். உரிமையாளர் வந்து கீபோர்டில் கை வைத்த உடனே, அதுவரை போட்ட கணக்கை அப்படியே பதிந்துகொண்டு வேறு இயந்திரத்துக்கு நகர்ந்துவிடும். இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகமே தன் பெருங்கணக்குகளை அதன் வழியாகத்தான் பங்கிடுகிறது.

வானொலி வானத்தின் துண்டுகள்

பொதுமக்களை இதற்குள் கூட்டிவந்தது செட்டி@ஹோம். 1999 மே 17 அன்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து டேவிட் ஆண்டர்சனும் டான் வெர்திமரும் அவர்களுடைய தோழர்களும் அதை வெளியிட்டார்கள். வேற்றுக்கிரகத்தில் யாராவது வானொலி அலையில் பேசினால் கேட்குமா என்று தேடுவது நோக்கம். போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்ற இடத்தில், மலைப்பள்ளத்தில் கட்டிய 305 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அன்றைக்கு உலகிலேயே பெரியது. மற்ற வானியலாளர்கள் அதைத் தங்கள் ஆய்வுக்காகத் திருப்பும்போது, அதிலேயே இன்னொரு கருவியைப் பொருத்தி, அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அங்கிருந்து வருவதையெல்லாம் பெர்க்லி குழு பதிவுசெய்தது. அத்தனை தரவை அனுப்பும் இணைய வசதி அங்கே இல்லை. 35 ஜிபி கொள்ளும் டேப்புகளில் பதிந்து தபாலில்தான் பெர்க்லிக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த பங்கீட்டை விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதன் அழகு அதில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் அணு வானொலி அலை வெளியிடும் 1420 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொண்டு, அதை 256 கீற்றுகளாகக் கிழித்தார்கள். ஒவ்வொரு கீற்றையும் 107 விநாடி நீளத்துக்கு நறுக்கினார்கள். இப்படிக் கிடைத்த வேலைப் பொட்டலம் ஒன்று ஒரு மெகாபைட்டில் மூன்றில் ஒரு பங்கு, அன்றைய டயல்-அப் இணைப்பிலும் வந்து சேரக்கூடிய அளவு. தொலைநோக்கி அசையாமல் இருக்க பூமி சுழலும்போது, வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையைக் கடக்க சுமார் 12 விநாடி ஆகும். ஆக, உண்மையிலேயே வானிலிருந்து வரும் சமிக்ஞை 12 விநாடிக்குள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். பக்கத்து ஊர் ரேடாரின் இரைச்சல் அப்படி இறங்காது, நீடித்து நிற்கும். நறுக்கும் கத்தி அந்த 12 விநாடிக்கு நடுவே விழுந்துவிட்டால்? பாதி ஒருவரிடமும் பாதி இன்னொருவரிடமும் போய், இருவரும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அடுத்தடுத்த பொட்டலங்கள் சுமார் 20 விநாடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்தார்கள். ஒரே பகுதியை இரண்டு கணினிகள் திரும்பப் பார்க்கும் வீண் செலவு அது. வேலையைப் பிரிப்பவர் இப்படி எல்லையில் தாராளமாக இருக்க வேண்டியிருக்கிறது.

பொட்டலத்தை வாங்கிய வீட்டுக் கணினி, உரிமையாளர் எழுந்து போனதும் ஸ்க்ரீன்சேவராக விழித்துக்கொள்ளும். திரையில் வண்ண மலைத்தொடர்போல் வரைபடம் எழும். அதன் பின்னால், அனுப்பிய கிரகமும் நம் பூமியும் நகர்வதால் அலைவரிசை எப்படியெல்லாம் வழுக்கியிருக்கும் என்று ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒரு பொட்டலத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஒரு லட்சம் பேர் வந்தால் போதும் என்று தொடங்கிய திட்டத்தில் மொத்தம் 52 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அறிவியல் வரலாற்றில் இத்தனை பெரிய கூட்டம் ஒரே ஆய்வில் கைகொடுத்ததற்கு முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

பொய் விடையும் பிழை விடையும்

கூட்டம் சேர்ந்ததும் பட்டியல் வந்தது. யார் எத்தனை பொட்டலம் முடித்தார்கள் என்று வரிசை போட்டுக் காட்டினார்கள். போட்டி தொடங்கியது. பட்டியலில் மேலே ஏற வேண்டும் என்பதற்காகச் சிலர் கணக்கே போடாமல் போலி விடைகளை அனுப்பினார்கள். சிலர் நல்ல எண்ணத்தோடு புரோகிராமைத் தாங்களே திருத்தி வேகப்படுத்தினார்கள், அதில் விடை பிசகியது. இன்னும் சிலருடைய கணினி, அளவுக்கு மீறி முடுக்கிய சூட்டில் தானாகவே தவறு செய்தது. மூன்றும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதற்குப் பெர்க்லி கண்ட வழி எளிமையானது. ஒரே பொட்டலத்தை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு மூன்று பேருக்கு அனுப்பு. விடைகள் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள். ஒத்துப்போகாவிட்டால் இன்னொருவரைக் கேள். 2002-ல் ஆண்டர்சன் தொடங்கிய பாய்ங்க் என்ற பொது மென்பொருள் இந்த ஏற்பாட்டை எல்லா ஆய்வுகளுக்கும் திறந்துவிட்டது. செட்டி@ஹோமும் 2005-க்குள் அதற்கு மாறிவிட்டது. ஒருவர் தன் கணினியின் ஓய்வு நேரத்தைக் காலநிலைக்குப் பாதி, மருத்துவத்துக்குப் பாதி என்று பிரித்துக் கொடுக்க முடிந்தது அதனால்தான். தொடர்ந்து சரியான விடை தந்துவரும் கணினிக்கு நற்பெயர் சேரும். அதற்குப் பிறகு அதை எப்போதாவதுதான் சரிபார்ப்பார்கள்.

ஆனால் விடைகள் ஒத்துப்போவது என்றால் என்ன என்பதிலேயே சிக்கல் இருந்தது. 2004-ல் தொடங்கிய எல்எச்சி@ஹோம் அதைக் கண்டுகொண்டது. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்களைச் சுற்றவிடப்போகும் செர்ன், காந்தங்களின் அமைப்பு சரியா என்று முன்னதாகவே கணக்கிட விரும்பியது. சில துகள்களை எடுத்து, லட்சக்கணக்கான சுற்றுகள் கணினியில் ஓடவிட்டு, எது பாதை விலகி மோதுகிறது என்று பார்க்கும் கணக்கு அது. ஒவ்வொரு சுற்றிலும் விழும் கடைசித் தசம இலக்கத்தின் வித்தியாசம் அடுத்த சுற்றில் பெருகும். லட்சம் சுற்று முடிவில் ஒரு பிராசஸரில் துகள் பிழைத்துக்கொள்ளும், இன்னொன்றில் சுவரில் மோதிச் சாகும். யாரும் பொய் சொல்லவில்லை, எந்த இயந்திரமும் பழுதில்லை. வெவ்வேறு கணினிகள் மடக்கை, அடுக்கு போன்ற சார்புகளைக் கடைசி இலக்கத்தில் சற்றே வேறாக முழுமையாக்குகின்றன, அவ்வளவுதான். பிரான்சின் லியோன் நகரில் கணிதவியலாளர்கள் எழுதிய, எந்தக் கணினியிலும் அச்சு அசலாக ஒரே விடை தரும் சார்புத் தொகுப்பைச் சேர்த்த பிறகே அந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தின.

எண் கோட்பாட்டில் இன்னும் நேர்த்தியான வழி பிறந்தது. 2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் என்ற திட்டத்தை ஜார்ஜ் வோல்ட்மன் 1996 ஜனவரியில் தொடங்கினார், செட்டி@ஹோமுக்கும் மூத்தது. ஒவ்வொரு எண்ணையும் இருவர் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதுதான் அதிலும் விதி. இரண்டாவது சோதனை எப்போதும் ஆண்டுக்கணக்கில் பின்தங்கியே இருந்தது. 2020-ல் கிரிப்டோகிராஃபியிலிருந்து ஒரு முறையை எடுத்து வந்தார்கள். கணக்கைப் போடும் கணினி, விடையோடு கூட ஒரு சான்றையும் அனுப்பும். அந்தச் சான்றைச் சரிபார்க்க மூலக் கணக்கின் நூற்றில் ஒரு பங்கு உழைப்புகூட வேண்டாம். அந்நியரை நம்பவும் வேண்டாம், அவர் செய்ததை முழுதாகத் திரும்பச் செய்யவும் வேண்டாம். கடந்த கால் நூற்றாண்டில் இந்தத் துறை கண்ட மிக நல்ல விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தச் சரிபார்ப்பு எல்லாம் வேலையை வாங்கிச் செய்பவர் பக்கத் தவறுக்கு. வேலையைக் கொடுப்பவர் பக்கமும் தவறு நடக்கும். 2006-ல், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் வீட்டுக் கணினிகளைக் கொண்டு நடத்திய காலநிலைத் திட்டம் பிபிசியோடு சேர்ந்து பெரிய அளவில் மக்களைத் திரட்டியது. வாரக்கணக்கில் எல்லோருடைய கணினியும் 1920-லிருந்து பூமியின் காலநிலையை ஆண்டு ஆண்டாக ஓட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான், காற்றில் கலக்கும் சல்ஃபேட் துகள்களின் அளவைச் சொல்லும் கோப்பு ஒன்று தவறு என்று தெரிந்தது. கணினிகள் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டன. விடைகள் எல்லாம் தவறாக இருந்தன. திட்டம் அதை வெளிப்படையாக அறிவித்தது, எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

எது பிரியும், எது பிரியாது

நாற்று நடவில் பத்துப் பேர் இறங்கினால் ஆளுக்கொரு பக்கம் நட்டுக்கொண்டே போகலாம், பக்கத்து ஆள் எந்த வரிசையில் இருக்கிறார் என்று தெரியவேண்டியதில்லை. வானொலிப் பதிவை நறுக்குவதும் பகா எண் தேடுவதும் அப்படிப்பட்டவை. எல்லாக் கணக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-ல் 'கப்ரு' என்ற கணினித் தொகுப்பைக் கட்டியது. 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசஸர்கள். அந்த ஆண்டு உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது. அதில் அவர்கள் ஆராய்ந்தது குவார்க்குகளைப் பிணைக்கும் விசையை. வெளியையும் காலத்தையும் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் என்ன நடக்கிறது என்று கணக்கிடுவார்கள். ஒரு புள்ளியின் அடுத்த நிலை அதன் பக்கத்துப் புள்ளிகளைப் பொறுத்தது. ஒவ்வொரு படியிலும் கணினிகள் பக்கத்துக் கணினியிடம் கேட்டே ஆக வேண்டும். அதனால் மூன்று திசையிலும் அண்டை இயந்திரங்களை நேரடியாக இணைக்கும் தனி வேகக் கம்பிகளைப் போட்டார்கள். இதை வீட்டுக் கணினிகளுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றும் கணக்குப் போடும் நேரத்தைவிடப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமே நூறு மடங்கு ஆயிரம் மடங்கு என்று போகும். ஒருவர் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டும்.

புரதமும் பார்த்தால் இந்த வகைதான். அணுக்களின் அசைவை ஒரு விநாடியின் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுக்கே ஒரு படியாக நகர்த்திக் கணக்கிட முடியும். முதல் படி முடிந்தால்தான் இரண்டாம் படி. ஒரு மடிப்பைப் பார்க்க இப்படிக் கோடிக்கணக்கான படிகள் வேண்டும், காலத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க வழியில்லை. பாண்டேவின் குழு கேள்வியையே மாற்றிக் கேட்டது. ஒரே நீண்ட பயணத்தைத் தொடராமல், வெவ்வேறு வடிவங்களிலிருந்து புறப்படும் ஆயிரக்கணக்கான குறும் பயணங்களைத் தனித்தனியே ஓட்டினார்கள். எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு எத்தனை முறை தாவுகிறது என்று எண்ணினார்கள். அந்த நிகழ்தகவுகளைக் கோத்தால், யாருமே முழுதாக ஓட்டிப் பார்க்காத நீண்ட பயணத்தின் வரைபடம் கிடைத்துவிடுகிறது.

2020-ல் அந்த முறைதான் கைகொடுத்தது. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் மனித செல்லைப் பற்றுவதற்கு முன் வாய் திறந்தாக வேண்டும். அது எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, திறக்கும்போது மட்டும் தெரியும் மறைவிடங்கள் எவை, மருந்து அங்கே போய் உட்காருமா என்று பார்த்தார்கள். மொத்தத்தில் அந்த வைரஸின் புரதங்களுடைய 0.1 விநாடி அசைவைக் கணக்கிட்டு, 2021-ல் 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் வெளியிட்டார்கள். விநாடியில் பத்தில் ஒரு பங்கு! இந்தத் துறையில் அது மலைக்கவைக்கும் நீளம். காப்புரிமை எதுவும் இல்லாமல் மருந்து தேடிய கோவிட் மூன்ஷாட் முயற்சிக்கும் இதே கணினிகள் கணக்குப் போட்டுக் கொடுத்தன.

கிடைத்தது என்ன

வேற்றுக்கிரகவாசி கிடைக்கவில்லை. வேறு பலவும் கிடைத்திருக்கின்றன. ஐன்ஸ்டைன்@ஹோம் என்ற திட்டம் 2010-ல் அரெசிபோவின் தரவிலேயே, 17,000 ஒளியாண்டு தொலைவில், விநாடிக்கு 40-க்கும் மேற்பட்ட முறை சுழலும் ஒரு பல்சார் விண்மீனைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும் ஒரே பொட்டலத்தைத் தனித்தனியே சோதித்து ஒரே விடை தந்தன. பொய்யைப் பிடிக்க வைத்த இரட்டைச் சோதனை அன்றைக்கு ஒரு விண்மீனுக்கு இரண்டு வீட்டுக் கண்டுபிடிப்பாளர்களைத் தந்தது. ஆக்ஸ்ஃபோர்டு காலநிலைத் திட்டம் 2005-லேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருவகப்படுத்தல்களை ஒப்பிட்டு, கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பம் 1.9 டிகிரியிலிருந்து 11.5 டிகிரி வரை கூடலாம் என்று காட்டியது. ஒரே சூப்பர் கம்ப்யூட்டரில் சில முறை மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த அகலம் கண்ணில் பட்டிருக்காது.

செட்டி@ஹோம் 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு பொட்டலம் அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோவின் 900 டன் மேடை அறுந்து விழுந்து தொலைநோக்கி நொறுங்கியது. ஆனால் வேலை முடியவில்லை. 14 ஆண்டுப் பதிவிலிருந்து மக்கள் கண்டெடுத்துக் கொடுத்த கண்டுணர்வுகள் நூற்றுக்கணக்கான கோடிகள். பூமியின் இரைச்சலை அவற்றிலிருந்து சலித்தெடுக்கவே பெர்க்லிக்கு ஆண்டுகள் ஆயின. சல்லடை சரியா என்று அறிய, தாங்களே செய்த போலிச் சமிக்ஞைகளைத் தரவுக்குள் கலந்து, அவை தப்பி வருகின்றனவா என்று சோதித்தார்கள். கடைசியில் மிஞ்சிய சில நூறு இடங்களைச் சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியைக் கொண்டு மறுபடி பார்த்துவருகிறார்கள். 2025-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகளைப் படித்தபோது எனக்கு மரியாதைதான் கூடியது. எந்த அளவுக்குப் பலவீனமான சமிக்ஞையைத் தங்கள் தேடல் தவறவிட்டிருக்காது என்று அவர்களால் இப்போது எண்ணில் சொல்ல முடிகிறது. 52 லட்சம் பேர் கொடுத்த நேரத்துக்குச் சொல்லவேண்டிய நேர்மையான கணக்கு அது.

கூட்டம் ஏன் கலைந்தது

இன்று இந்தத் திட்டங்களில் பழைய கூட்டம் இல்லை. ஆர்வம் குறைந்தது என்று சொல்லிவிடுவது எளிது. பெரிய காரணம் மின்சாரம். 1999-ல் மேசைக் கணினி சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட் இழுத்தது, ஆகவே கொடுத்தது உண்மையிலேயே மிச்சமானது. இன்றைய பிராசஸர் வேலை இல்லாதபோது தூங்கிவிடுகிறது. அதை எழுப்பி வேலை வாங்கினால் கூடுதலாக 100 வாட் என்று வைத்துக்கொண்டாலும், நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட். மிச்சத்தைக் கொடுத்த காலம் போய், கையிலிருந்து கொடுக்கும் காலம் வந்திருக்கிறது. லேப்டாப்பும் கைபேசியும் மேசைக் கணினியின் இடத்தைப் பிடித்ததும் இன்னொரு காரணம், அவை சூட்டுக்கும் பேட்டரிக்கும் பயந்தவை.

நம்பிக்கையும் அடி வாங்கியது. 2017 முதல் 2019 வரை காயின்ஹைவ் என்ற புரோகிராமை இணையதளங்களில் செருகி, பார்வையாளர்களின் கணினியை அவர்களுக்குத் தெரியாமலே கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தார்கள் பலர். வேலையைப் பங்கிடும் அதே நுட்பம்தான், சம்மதம் மட்டும் கிடையாது. பெயர் தெரியாத ஒன்று பின்னணியில் ஓடுகிறது என்றாலே மக்கள் அஞ்சுவது நியாயம்.

அந்த இடத்துக்குள் வாடகைக் கணினி வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஜிம்ப்ஸ் கண்டுபிடித்த பகா எண்ணைப் பாருங்கள். 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதைக் கண்டவர் என்விடியாவின் முன்னாள் ஊழியர் லூக் டூரண்ட். 17 நாடுகளில் உள்ள டேட்டா சென்டர்களில் கிராஃபிக்ஸ் பிராசஸர்களை வாடகைக்கு எடுத்து அவர் தேடினார். டப்ளினில் ஒரு பிராசஸர் கண்டது, டெக்சாஸில் இன்னொன்று உறுதிசெய்தது. 28 ஆண்டாகச் சாதாரணக் கணினிகளே வென்ற இடத்தில் முதன்முறையாக வேறொன்று வென்றது. டூரண்ட் தன் காசைச் செலவழித்து, விடையை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கவலை வேறு. கணினி ஆற்றல் முழுவதும் சில நிறுவனங்களின் கட்டடங்களுக்குள் வாடகைப் பொருளாகக் குவியும்போது, எந்தக் கேள்வியைக் கணக்கிடலாம் என்பதை வாடகை கொடுக்க முடிந்தவரே முடிவுசெய்வார். லாபம் தராத நோய், விளம்பரம் தராத வானியல், ஏழை நாடுகளின் காலநிலை ஆகியவற்றுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசலை மூடவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். அரசுகள் தங்கள் ஆய்வகங்களுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கும்போதே, பொதுமக்கள் தரும் கணினி நேரத்தை வாங்கிப் பயன்படுத்தச் சில பொறியாளர்களையும் நியமிக்கலாம். செயின்ட் லூயிஸ் காட்டியதுபோல், பற்றாக்குறை கணினியில் இல்லை, வேலையைத் தயார் செய்யும் கைகளில்தான்.

சேர விரும்புகிறவர்களுக்கு இன்றும் வழி இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மேசைக் கணினி என்றால் ஃபோல்டிங்@ஹோம் பொருத்தம். சாதாரணக் கணினி என்றால் பாய்ங்க் மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொண்டு, ஐன்ஸ்டைன்@ஹோம், ஆக்ஸ்ஃபோர்டின் காலநிலைத் திட்டம், டொரோண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனம் இப்போது நடத்தும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் பாய்ங்க் உண்டு. சார்ஜில் இருக்கும்போது மட்டும், வைஃபை கிடைக்கும்போது மட்டும் என்று அமைத்துவிடுங்கள். பிராசஸரில் பாதிக்கு மேல் எடுக்காதே என்றும் சொல்லிவைக்கலாம், சூடு கட்டுக்குள் இருக்கும். அலுவலகத்திலும் கல்லூரியிலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் நிறுவவே நிறுவாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியின் கணினிப் பராமரிப்பாளர் நல்ல எண்ணத்தோடு கல்லூரிக் கணினிகளில் இப்படி ஒரு புரோகிராமை நிறுவியதற்காகக் குற்றவழக்கில் சிக்கினார். 2002-ல் அபராதத்தோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் அது முடிந்தது. உங்கள் சொந்தக் கணினி, உங்கள் சொந்த மின்கட்டணம் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலை தயாராக இருந்தால், நிறுவிய சற்று நேரத்தில் முதல் பொட்டலம் வந்துவிடும்.